சுற்றுலாக் காசு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர: வட்டாரத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வட்டாரத்துக்குச் சுற்றுலாத் திட்டம் போடச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது வரைபடத்தைத்தான். அருவி எங்கே, கடற்கரை எங்கே, பழைய கோட்டை எங்கே, சாலை எப்படி இருக்கிறது, எத்தனை அறை கட்டலாம் என்று குறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வழியில் போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது "இந்த ஆண்டு இத்தனை லட்சம் பேர் வந்தார்கள்" என்ற ஓர் எண். வந்தவர்களின் காசு எங்கே போனது என்று அந்த எண் சொல்லாது. அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் குடும்பம் பத்து வருடம் கழித்தும் அதே ஒழுகும் கூரைக்குக் கீழ் இருக்கலாம். கூடுதலாக வந்தது குப்பையும் வாகன இரைச்சலும் மட்டுமாகவும் இருக்கலாம்.

ஆகவே இங்கே வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உள்ளாட்சியிலோ, தொண்டு நிறுவனத்திலோ, சுற்றுலாத் துறையிலோ புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் ஊர் இளைஞராக இருந்து, "நம் பக்கம் ஆள் வருகிறார்கள், நாம் என்ன செய்யலாம்" என்று யோசிப்பவராக இருந்தாலும் சரி. கேள்வி ஒன்றுதான்: வருகிறவர் செலவழிக்கும் ஒரு ரூபாயில் எத்தனை காசு, வட்டாரத்தின் ஏழை வீடுகளுக்குள் நுழைகிறது? அதைக் கூட்டுவதுதான் திட்டம். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இந்த எண்ணம் புதிதல்ல. சுற்றுலா வளர்ந்தால் நன்மை தானாகவே கீழே இறங்கும் என்றுதான் பல காலம் நம்பினார்கள். 1999இல் பிரிட்டன் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறைக்காக நடந்த ஓர் ஆய்வுதான் ஏழைகளுக்குச் சாதகமான சுற்றுலா என்ற பேச்சைத் தொடங்கிவைத்தது. 2001இல் கரோலின் ஆஷ்லி, டிலிஸ் ரோ, ஹரோல்ட் குட்வின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல நாட்டு அனுபவங்களைச் சேர்த்து, எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டில் உலகச் சுற்றுலா அமைப்பு வறுமை ஒழிப்பையே நோக்கமாக வைத்து ஒரு திட்டத்தை அறிவித்தது. அதாவது இருபது வருடத்துக்கு மேற்பட்ட பாடங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதல் வேலை: "ஊர் மக்கள்" என்ற சொல்லை உடையுங்கள்

திட்ட அறிக்கைகளில் "உள்ளூர் மக்கள் பயனடைவார்கள்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியை நம்பாதீர்கள். நாலு படகு வைத்திருப்பவரும் உள்ளூர்தான், அவரிடம் ஒரு படகை நாள் வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போடுகிறவரும் உள்ளூர்தான். சாலையோரம் நிலம் வைத்திருப்பவர் சுற்றுலா வந்த மறுநாளே லாபம் பார்ப்பார். அவருக்கு உங்கள் திட்டம் தேவையில்லை.

யாருக்காகத் திட்டம் போடுகிறீர்கள் என்பதை வகை வகையாக எழுதுங்கள். நிலமில்லாத கூலிக் குடும்பம், வாடகைப் படகு ஓட்டுபவர், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண், காட்டில் சுள்ளியும் தேனும் எடுத்துப் பிழைப்பவர், கைவினை தெரிந்தும் சந்தை தெரியாதவர், உடல் குறையால் வெளி வேலைக்குப் போக முடியாதவர். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து வீடுகளுக்கு நேரில் போங்கள். கூட்டம் போட்டு வரவழைக்காதீர்கள். கூட்டத்துக்கு வர நேரம் இருப்பவர்களும் உண்மையான ஏழைகளும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

அந்த வீடுகளில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதல்ல. அப்படிக் கேட்டால், நீங்கள் கொடுப்பீர்கள் என்று அவர்கள் நினைக்கும் பதில்தான் வரும். "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மணி வாரியாக எழுதுங்கள். தண்ணீர் பிடிக்க ஒரு மணி நேரம், கூலி வேலைக்கு நடை, மாலையில் ஆடு மாடு, சமையல் என்று போனால் அந்தப் பெண்ணுக்கு மீதி இருப்பது மதியம் இரண்டு மணி நேரமாக இருக்கலாம். அவருக்கு ஏற்ற வேலை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். நாள் முழுக்க வரவேற்பறையில் நிற்கும் வேலை அவருக்கு ஆகாது.

அப்புறம் மாதவாரியாகவும் கேளுங்கள். அறுவடை எப்போது, மீன்பாடு எப்போது, கையில் காசே இல்லாத மாதம் எது? சுற்றுலா சீசனும் அறுவடையும் ஒரே நேரத்தில் வந்தால் அவர்கள் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க முடியும். வறண்ட மாதத்தில் சீசன் வந்தால் அதைவிட நல்ல காலம் கிடையாது.

இன்னொரு கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சுற்றுலாவால் அவர்கள் இப்போதே இழந்துகொண்டிருப்பது என்ன? கடலுக்குப் போகும் பாதையில் வேலி போட்டிருக்கலாம். ஊர்க் கிணறு வற்றும் அளவுக்கு யாரோ ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கலாம். சில வட்டாரங்களில் புதிதாக எதுவும் கொடுப்பதைவிட, எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதே பெரிய உதவி.

காசு போகும் வழியை வரையுங்கள்

இதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு வாரமும் போதும். வாகனம் நிற்கும் இடத்தில் நின்று, ஊர் திரும்பும் ஐம்பது பேரிடம் என்னென்னவற்றுக்குச் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். பிறகு அந்தச் செலவு ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போங்கள்.

ஒரு சாதாரணப் பயணியின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பேக்கேஜ் பணத்தைத் தன் ஊரிலேயே ஓர் ஏஜென்டிடம் கட்டிவிட்டார். அதில் கணிசமான பகுதி அங்கேயே நின்றுவிடும். வேன் வெளியூர் வேன், டிரைவரும் வெளியூர். அறை வாடகை ஹோட்டல் முதலாளிக்கு. அதில் அறை சுத்தம் செய்யும் பெண்ணின் சம்பளம் ஒரு சின்னத் துண்டு. காலை உணவுக்கான காய்கறி நகரத்து மொத்தச் சந்தையிலிருந்து விடியற்காலை வண்டியில் வந்தது. கைடு யார்? டிரைவருக்குத் தெரிந்தவர். கடைசியாக ஒரு நினைவுப் பொருள் வாங்குகிறார். கையால் செய்தது போலத் தெரிகிறது. புரட்டிப் பார்த்தால் எங்கோ ஓர் ஆலையில் அச்சில் வார்த்தது. இந்த வட்டாரத்தில் நின்று விற்கப்பட்டது என்பதைத் தவிர அதற்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இந்த ஓட்டைகளைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதை நம் பட்டியலில் இருக்கும் யாராவது செய்ய முடியுமா? எல்லாவற்றையும் அடைக்க முடியாது. விமான டிக்கெட் காசை யாரும் கிராமத்துக்குத் திருப்ப முடியாது. காய்கறியைத் திருப்பலாம்.

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரில் 2006 வாக்கில் இப்படி ஒரு கணக்குப் பார்த்தார்கள். அங்கே பயணிகள் செலவழித்ததில் ஏறத்தாழ கால் பங்கு ஏழைகளுக்கும் ஓரளவு ஏழைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சுற்றுலாவில் இது நல்ல பங்குதான். கவனிக்க வேண்டியது, அது எந்த வழியாகப் போனது என்பது. ஹோட்டல் சம்பளம் வழியாகப் போனதைவிட, உணவுப் பொருள் விற்ற விவசாயிகள் வழியாகவும் நெசவு, கைவினை செய்தவர்கள் வழியாகவும் போனது அதிகம். சுற்றுலாத் துறைக்கு வெளியே நிற்பவர்கள்தான் அதிகம் பெற்றார்கள். திட்டம் போடுகிறவர் வயலையும் தறியையும் பார்க்காமல் ஹோட்டலையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

எந்த வாசல் வழியாக?

உலகச் சுற்றுலா அமைப்பு ஏழு வழிகளைச் சொல்கிறது: சுற்றுலா நிறுவனங்களில் வேலை, அந்த நிறுவனங்களுக்குப் பொருள் வழங்குவது, பயணிகளிடம் நேரடியாக விற்பது, ஏழைகளே சொந்தமாகத் தொழில் நடத்துவது, சுற்றுலா வரியிலோ கட்டணத்திலோ ஒரு பங்கு, பயணிகளும் நிறுவனங்களும் விரும்பித் தரும் உதவி, சுற்றுலாவுக்காக வரும் சாலை, தண்ணீர், மின்சாரத்தில் ஊருக்கும் பயன்.

இந்த ஏழு வழிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. என் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்கள் நேராக நாலாவதுக்கு ஓடுகிறார்கள். ஏழைகளே நடத்தும் தங்கும் விடுதி என்றால் புகைப்படம் நன்றாக வரும், திறப்பு விழா வைக்கலாம். ஆனால் அதுதான் ஏழில் மிகக் கஷ்டமானது. முதலீடு, மொழி, புக்கிங், கணக்கு, சுத்தம், விளம்பரம் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். அமெரிக்கக் கண்டங்களில் நடந்த இருநூறு சமூகச் சுற்றுலாத் திட்டங்களைப் பார்த்தபோது, தங்கும் வசதி வைத்திருந்த பல இடங்களில் படுக்கைகள் நிரம்பியது வெறும் 5 சதவீதம் என்று தெரியவந்தது. வருடத்தில் பதினெட்டு நாள் ஆள் இருக்கிறார், மீதி நாள் அறை பூட்டிக் கிடக்கிறது. கட்டியவர்கள் கட்டடத்தில் குறை வைக்கவில்லை. யார் வருவார், யார் அனுப்புவார் என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

ஆகவே இரண்டாவது, மூன்றாவது வாசல்களில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பயணி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹோட்டல் ஆகியவற்றோடு ஏழையின் கையைக் கோத்துவிடுவது. ஹோம்ஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு டூர் ஆபரேட்டர் "மாதம் இத்தனை பேரை அனுப்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்த பிறகு, இருக்கும் வீட்டில் ஓர் அறையைச் சீர்செய்து ஆரம்பியுங்கள். புதுக் கட்டடத்துக்குக் கடன் வாங்க வைக்காதீர்கள்.

ஹோட்டல் சமையலறைக்குள் எப்படி நுழைவது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். பல நல்ல முயற்சிகள் செத்துப்போனது இங்கேதான்.

நாற்பது அறை ஹோட்டல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் எண்பது பேர். ஆளுக்கு இரண்டு முட்டை என்றால் நாளுக்கு 160 முட்டை. வீட்டில் மேயும் கோழி சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடுகிறது என்று கணக்கு வைத்தால், 480 கோழி வேண்டும். வீட்டுக்குப் பத்துக் கோழி என்றால் 48 வீடு சேர வேண்டும். நாற்பத்தெட்டு வீட்டை முதல் மாதமே ஒருங்கிணைக்க உங்களால் முடியாது. முதல் வாரத்தில் எண்பது முட்டை குறைந்தால் சமையலறைப் பொறுப்பாளர் பழைய வியாபாரிக்குப் போன் போட்டுவிடுவார், அப்புறம் உங்கள் பக்கம் திரும்பமாட்டார்.

அதனால் கால் பங்கு மட்டும் கேளுங்கள். நாளுக்கு 40 முட்டை, பன்னிரண்டு வீடு. மீதியைப் பழைய வியாபாரியே கொடுக்கட்டும். மூன்று மாதம் ஒரு நாள் கூடத் தவறாமல் கொடுத்த பிறகு அளவைக் கூட்டலாம். சீசன் இல்லாத மாதத்தில் ஹோட்டல் எவ்வளவு வாங்கும் என்பதையும் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முட்டை நிற்காது, வாங்குவது நின்றுவிடும். மிஞ்சியதை விற்க ஊர்ச் சந்தை இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணி மட்டுமே சாப்பிடுகிற ஒரு பயிரை ஏழை விவசாயியைப் பயிரிட வைப்பது பாவம்.

அடுத்தது காசு கைக்கு வரும் நாள். பெரிய ஹோட்டல்கள் பில் கொடுத்து முப்பது, நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் தரும். வியாபாரி காத்திருப்பார், அவருக்கு முதல் இருக்கிறது. இன்று விற்ற காசில் இன்று அரிசி வாங்குகிற வீடு எப்படிக் காத்திருக்கும்? அதனால்தான் ஏழை விவசாயி குறைந்த விலைக்கானாலும் கையில் காசு கொடுக்கும் இடைத்தரகரிடமே திரும்பிப் போகிறார். அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. திட்டத்தில் ஒரு சுழல்நிதி வையுங்கள். பொருளைக் கொடுத்த அன்றே குழு காசு கொடுத்துவிட வேண்டும், ஹோட்டலிடம் குழு பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். திட்டப் பணத்தில் கட்டடத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினாலே பலன் பல மடங்கு இருக்கும்.

மூன்றாவது, தரமும் விலையும். "உள்ளூர்ப் பொருள் தரம் இல்லை" என்று ஹோட்டல் சொல்லும். "ஹோட்டல் விலையை நசுக்குகிறது" என்று ஊர் சொல்லும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். கேரளத்தின் குமரகத்தில் 2008இல் பொறுப்புச் சுற்றுலா முயற்சி தொடங்கியபோது இதைக் குழுக்கள் வைத்துச் சமாளித்தார்கள். குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் காய்கறியும் மற்றப் பொருள்களும் விளைவித்துக் கொடுத்தன. தரம் பார்க்க ஒரு குழு, விலை நிர்ணயிக்க ஒரு குழு. ஊராட்சியும் ஹோட்டல்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. தினமும் விலை பேசும் தொல்லை இரண்டு பக்கமும் குறைந்தது. அந்த அனுபவம் வளர்ந்து 2017இல் மாநிலம் முழுவதற்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கமாக ஆனது. ஹோட்டல்களின் நல்ல மனசை மட்டும் நம்பி அது ஓடவில்லை. உட்கார்ந்து பேச ஒரு மேசையும், பேசியதைக் காக்க உள்ளாட்சியின் கையும் இருந்தன.

தெருவில் விற்கிறவர்களை விரட்டாதீர்கள்

சுற்றுலாத் தலத்தை "அழகுபடுத்தும்" திட்டம் வந்தால் முதலில் காணாமல் போவது கூடையில் பழம் விற்கிற பெண்ணும், தள்ளுவண்டிக்காரரும். ஆனால் பயணியின் காசு எந்த இடைத்தரகரும் இல்லாமல் ஏழையின் கைக்கு நேராகப் போகும் இடம் அதுதான்.

தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். பத்துப் பேர் சுற்றிச் சூழ்ந்து வாங்கு வாங்கு என்றால் பயணி ஹோட்டலை விட்டு வெளியே வரவே பயப்படுவார், எல்லோருக்கும் நட்டம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கடற்கரையில் இதே நிலைமைதான் இருந்தது. 2001 வாக்கில் அங்கே பழம் விற்பவர்கள், பழச்சாறு பிழிபவர்கள், கைடுகள், கைவினைக் கடைக்காரர்கள், ஹோட்டல்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். பயணிகளிடமும் என்ன தடுக்கிறது என்று கேட்டார்கள். விற்பவர்கள் தங்களுக்குள்ளேயே நடத்தை விதிகள் வகுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டை வந்தது, விற்க இடம் ஒதுக்கப்பட்டது. யாரையும் விரட்டாமலே தொல்லை குறைந்தது, விற்பனையும் வருமானமும் கூடின.

உங்கள் வட்டாரத்தில் செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விற்பவர்கள் சங்கமாகச் சேரட்டும். பிறகு அவர்களே விதி எழுதட்டும். அட்டையும் கடையும் அதற்கப்புறம். முதலிலேயே கடை கட்டினால் அந்தக் கடை யாருக்குப் போகும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

சுமை தூக்குபவர்கள், சமையல் உதவியாளர்கள் போன்ற கண்ணில் படாத வேலையாட்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். மலையேற்றம் நடக்கும் இடங்களில் மிக அதிகமாகச் சுரண்டப்படுகிறவர்கள் இவர்கள்தான். பெரு நாடு 2001இல் இவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்தது. சட்டம் இல்லாத இடத்தில், உரிமம் கொடுக்கும் நிபந்தனையிலேயே எடையையும் கூலியையும் எழுதிவிடலாம். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தராசு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

நிலமும் வழியும் யார் கையில்?

இதை ஆரம்பத்திலேயே பார்க்காவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண். சுற்றுலா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே நில விலை ஏறும். பட்டா இல்லாமல் தலைமுறையாக இருப்பவர்களுக்கு அதுவே ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதே கரையில் ஹோட்டல்களுக்கு விலக்கு இருந்தது. வீட்டை இழந்த மீனவர் வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது, ஹோட்டல் கட்டலாம். எதிர்ப்புக்குப் பிறகு விதி தளர்த்தப்பட்டது. உங்கள் திட்டம் வெளியே தெரியும் முன்பே நில ஆவணங்களைச் சரிபார்த்து, பட்டாவோ சமூக உரிமையோ வாங்கித் தர முடிந்தவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். கரைக்கும் தண்ணீருக்கும் போகும் பொதுப் பாதைகளை வரைபடத்தில் குறித்து, உள்ளாட்சித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் ஒதுக்கி வைத்த வரைபடத்துக்கு இங்கேதான் வேலை.

வழி என்றால் பாதை மட்டுமல்ல. பெருவின் டிட்டிகாகா ஏரியில் டக்கீலே என்று ஒரு தீவு. 1970களின் கடைசியில் பயணிகள் வரத் தொடங்கியபோது தீவு மக்களே படகு கட்டி ஓட்டினார்கள். யார் வீட்டில் யார் தங்குவது என்பதையும் முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். படகு அவர்கள் கையில் இருந்தவரை எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. 1990களில் படகு ஓட்டுவதில் அவர்களுக்கு மட்டும் இருந்த உரிமை சட்டத்தால் போனது. கரையில் இருந்த நகரத்து நிறுவனங்கள் வேகமான படகுகளோடு வந்தன. பயணிகள் சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பும் சுற்றுலாவாக அது மாறியது. வீடுகள் அப்படியே இருந்தன, தங்க ஆள் குறைந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படி ஒரு "படகு" இருக்கும். ஆன்லைன் புக்கிங்காக இருக்கலாம், காட்டுக்குள் போகும் ஜீப்பாக இருக்கலாம், பார்க்கிங் ஏலமாக இருக்கலாம். அது எது என்று கண்டுபிடித்து, ஏழைகளின் சங்கத்துக்கு அதில் ஒரு பிடி வாங்கிக் கொடுங்கள்.

சட்ட உரிமை கையில் இருந்தால் பேரம் எப்படி மாறும் என்பதற்கு நமீபியா நல்ல உதாரணம். அங்கே 1996இல் சட்டத்தைத் திருத்தி, எல்லை வகுத்துப் பதிவு செய்துகொண்ட சமூகங்களுக்குத் தங்கள் நிலத்திலுள்ள வனவிலங்குகளின் மீதும் சுற்றுலாவின் மீதும் உரிமை கொடுத்தார்கள். டோரா என்ற சமூகம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து தங்கும் முகாம் அமைத்தது. முதலும் விளம்பரமும் நிறுவனத்துடையவை. அறை வருமானத்தில் பத்து சதவீதம் சமூகத்துக்கு, வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. இந்த மாதிரி ஒப்பந்தம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பங்கை லாபத்தில் கேட்காதீர்கள், வருமானத்தில் கேளுங்கள். லாபத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டலாம், எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை அறை சுத்தம் செய்யும் பெண்ணே எண்ணிச் சொல்லிவிடுவார்.

கட்டணத்தில் வரும் பங்கு

ருவாண்டா 2005இலிருந்து தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 5 சதவீதத்தைச் சுற்றியுள்ள மக்களுக்கு ஒதுக்கியது. 2017இல் அதை 10 சதவீதமாக உயர்த்தியது. நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் 1986இல் தொடங்கிய திட்டத்தில் மலையேறுபவர்களின் நுழைவுக் கட்டணம் அந்த வட்டாரத்தின் பாதுகாப்புக்கும் ஊர் வளர்ச்சிக்குமே போகிறது. உங்கள் வட்டாரத்தில் நுழைவுக் கட்டணம் வசூலித்தால், அதில் எத்தனை சதவீதம் ஊருக்கு என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பயணியும் படிப்பார், ஊரும் படிக்கும்.

இந்தப் பணம் வழக்கமாகப் பள்ளி, மருத்துவ நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று போகும். நல்லதுதான். ஆனால் காட்டு விலங்கு பயிரை அழித்த வீட்டுக்கு, நிலத்தை விட்டுக் கொடுத்த வீட்டுக்கு அது போதாது. இழப்பு ஒருவருக்கு, பலன் எல்லோருக்கும் என்றால் அந்த ஒருவர் சுற்றுலாவுக்கு எதிரியாகிவிடுவார், அதில் தப்பும் இல்லை. நிதியில் ஒரு பகுதியை முதலில் இழப்பீட்டுக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

பேசவேண்டியவர்கள் பேசும் கூட்டம்

இப்போதுதான் கூட்டம். வீடு வீடாகப் போய்விட்டு வந்ததால் யார் என்ன சொல்வார் என்று உங்களுக்கு ஓரளவு தெரியும். கூலி நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். பெண்களோடு தனியாக ஒரு கூட்டம் நடத்திவிட்டு, பிறகு பொதுக்கூட்டம். திட்டத்தை ஒப்பிக்காமல், தரையில் கோலம் போலக் காசு வழியை வரைந்து காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து, "இங்கே நீங்கள் சொல்வது தப்பு, அந்தக் கமிஷன் இன்னொருவருக்கும் போகிறது" என்று திருத்துவார். அந்தத் திருத்தம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

"வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தங்கள் சடங்கைப் பயணிகள் பார்க்க வேண்டாம், இந்தத் தெருவுக்குள் வாகனம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எழுதிக்கொண்டு அப்படியே திட்டத்தில் சேருங்கள்.

ஒற்றைக் காலில் நிற்க வைக்காதீர்கள்

2019இல் உலகம் முழுக்கச் சுமார் 146 கோடி சர்வதேசப் பயணங்கள் நடந்தன. 2020இல் அது கிட்டத்தட்ட கால் பங்காகச் சுருங்கியது. ஆட்டை விற்று ஜீப் வாங்கியவர், வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவர் என்று யாருக்கும் திரும்பிப் போக இடம் இல்லை. வயலையும் வலையையும் தறியையும் விடாமல், பக்கவாட்டில் ஒரு வருமானமாகச் சுற்றுலாவைச் சேர்க்கும் திட்டம்தான் ஏழைக்குப் பாதுகாப்பானது. முழுநேரத்துக்கு மாறச் சொல்லி ஊக்கப்படுத்தாதீர்கள்.

பயணிகள் கூட்டத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவைக் கழிவுநீர்ப் பிரச்சினையால் 2018இல் ஆறு மாதம் மூடினார்கள். முதலாளிகள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள், தினக்கூலிக்காரர்களுக்குத்தான் அடி. தண்ணீரும் கழிவும் எத்தனை பேரைத் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்த எண்ணைத் திட்டத்தில் எழுதுங்கள்.

எதை எண்ணுவது?

வேலை தொடங்கும் முன்பே, நீங்கள் போய்வந்த வீடுகளில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, சுற்றுலாவிலிருந்து அவர்களுக்கு மாதம் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் பூஜ்யமாக இருக்கும், பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். கூடவே இன்னும் இரண்டு: அந்தக் காசை வீட்டில் யார் கையாள்கிறார்? தண்ணீர் எடுக்க இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது? வருமானம் ஏறி, தண்ணீருக்கு இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக நடக்கிறார்கள் என்றால் அதுவும் கணக்கில் வரவேண்டும்.

வருகையாளர் எண்ணிக்கையை மேலதிகாரிகள் கேட்பார்கள், அதையும் கொடுங்கள். ஆனால் ஊர்க்கூட்டத்தில் முதலில் படிக்க வேண்டியது இந்த முப்பது வீட்டுக் கணக்கை. பெயர் சொல்லாமல், எத்தனை வீட்டில் ஏறியது, எத்தனை வீட்டில் அப்படியே இருக்கிறது, எத்தனை வீட்டில் இறங்கியது என்று. இறங்கிய வீடுகளுக்கு மறுநாள் காலையிலேயே போங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு.